ஸ்பேர் கட்டம்

அக்டோபர் 28, செவ்வாய். ஒரு தவறு செய்துவிட்டேன். புதுப் பருவத்துக்கு எனக்கென்று போட்ட சார்ட்டில், ஸ்பேர் கட்டத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டத்திலும். மையில் எழுதியதால் அழிக்க முடியவில்லை. வேறு தாளும் இல்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடியவர், பேருந்து டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் டியூட்டி சார்ட் போட்டவர். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டருக்கு எந்தத் தடம், யாருக்கு என்றைக்கு வார விடுமுறை என்று பெரிய தாளில் கட்டம் கட்டி எழுதிப் பலகையில் ஒட்டுவது அவர் வேலை. அதனால் டிப்போவில் அவர் பெயரே 'சார்ட்' என்று ஆகிவிட்டது. "சார்ட் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், கேட்பது தாளையா ஆளையா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் வரும்.

டிப்போவுக்கு வருடத்தில் இரண்டே பருவம். மே முதல் தேதி ஒன்று, நவம்பர் முதல் தேதி ஒன்று. அன்றைக்குப் பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். சார்ட் ஓய்வு பெற்றது ஏப்ரல் முப்பது. அதற்குப் பிறகு வந்த முதல் பருவம் எப்படிப் போனது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஆறு மாதம் ஓடிவிட்டது.

இரண்டாவது பருவத்தை அப்படி விடக் கூடாது என்று முடிவு கட்டித்தான் தாளை எடுத்தார். பிரிவு உபசாரத்தன்று டிப்போ பையன்கள் வேடிக்கைக்காக ஒரு வெற்றுச் சார்ட் தாளைச் சுருட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அவருடைய ஒரே ஆசையை எழுதினார்: தடம் பார்த்தல்.

முப்பத்து நான்கு வருடமாக இருபத்தாறு தடங்களுக்கு ஆள் அனுப்பியவர், அவற்றில் ஒன்றில்கூட முதல் நிறுத்தத்தில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கியதில்லை. வீட்டிலிருந்து டிப்போ மூன்று நிறுத்தம். அவர் பார்த்த உலகம் அவ்வளவுதான். ஒரு பருவத்துக்கு இருபத்தாறு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கு ஒரு தடம் என்று போட்டால் கணக்குக் கச்சிதமாக வந்தது. அதில் அவருக்கு உண்டான சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல.

மற்ற நாட்களில் வீட்டு வேலை, மோட்டார் போடுவது, கடைக்குப் போவது. எல்லாம் எழுதி முடித்துக் கடைசி வரிசைக்கு வந்தார். அது ஸ்பேர் வரிசை. ஸ்பேர் என்றால், யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் ஏறுகிற ஆள். அவருக்கென்று வண்டி கிடையாது. கூப்பிட்ட வண்டியில் ஏற வேண்டும். யாரும் கூப்பிடாவிட்டாலும் எழுந்து போய்விட முடியாது, பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார். எழுதிப் பழகிய கை. யோசிக்காமல் ஏழு கட்டத்திலும் தன் பெயரை எழுதிக்கொண்டே போய்விட்டது.

எழுதியது தவறுதான். ஆனால் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தரைத்தளத்தில் இருந்த அவர் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதில் பதினொரு ஆணி, பதினொரு சாவி. மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிற வீட்டுச் சாவிகள், மோட்டார் அறைச் சாவி எல்லாம் அதில் தொங்கின. முதலில் இரண்டாம் மாடி டீச்சர்தான் கொடுத்தார். "சார், நீங்க வீட்லதானே இருக்கீங்க. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்தா குடுத்துடுங்க" என்றார். அப்புறம் முதல் மாடித் தம்பதி. அப்புறம் ஒவ்வொருவராக. பலகையை அறுத்து, ஆணி அடித்து, எண் எழுதி மாட்டியவர் சார்ட்தான். யாரும் கேட்கவில்லை. சாவி கலந்துபோகக் கூடாது என்று அவரே செய்தார்.

சாவி வந்த பிறகு பார்சல் வந்தது. பார்சலுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர், குழாய் ரிப்பேர், கரையான் மருந்து அடிக்கிறவன். எல்லோருக்கும் அந்த ஒரு கதவுதான். ஒரு நாள் தலைமுடி வெட்டிக்கொள்ளக் கிளம்பி, நான்கு முறை வாசற்படி இறங்கி நான்கு முறையும் திரும்பி வந்தார். ஐந்தாவது முறை கிளம்பியபோது கடை மூடிவிட்டது.

சார்ட் எழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் ஒரு கரகரத்த குரல்.

"சார், குச்சி பேசறேன்."

இருபத்தேழாம் எண் தடத்து டிரைவர்; இடையில் ஓர் எண் எப்போதோ நின்றுபோனது. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதையே கிடையாது. அதனால் டிப்போவில் ஒட்டடைக்குச்சி. கூப்பிடச் சோம்பல்பட்டு வெறும் குச்சி ஆக்கிவிட்டார்கள்.

"சொல்லு குச்சி. எப்படி இருக்க?"

"வெள்ளிக்கிழமையோட முடியுது சார். முப்பத்தொண்ணு. மாலை கீலை எல்லாம் வேணாம்னுட்டேன். கடைசி டியூட்டியும் இருபத்தேழுதான் போட்டிருக்கான், உங்க இடத்துல வந்த பையன்."

"ஓ."

"அஞ்சு நிமிஷத்த பாக்க வரீங்களா சார்? இந்த வருஷம் மூணு தடவ வரேன்னு சொல்லிட்டு வரல. இனிமே வந்தா நான் ஸ்டியரிங்ல இருக்க மாட்டேன்."

சார்ட்டுக்குக் காது சூடாயிற்று. "வரேன் குச்சி. கண்டிப்பா."

"அஞ்சு நாப்பதுக்கு முதல் நடை. உங்களுக்குச் சொல்லணுமா, எழுதினதே நீங்கதானே." சிரித்துவிட்டு வைத்தான்.

அந்த ஐந்து நிமிடம் பழைய கதை. இருபத்தேழாம் தடம் ஒரு கல் குவாரியில் முடியும். சார்ட்டில் அங்கே 'திரும்ப: 5 நிமிடம்' என்று எழுதியிருக்கும். எல்லாத் தடத்துக்கும் ஐந்து நிமிடம்தான், அதனால் இதற்கும் ஐந்து. குச்சி அந்தத் தடத்துக்கு வந்த முதல் மாதமே மேசைக்கு வந்து நின்றான். "சார், அங்க வண்டி திருப்ப எடமே இல்ல. ரோடு பள்ளத்துல போய் முட்டுது. நானூறு மீட்டர் ரிவர்ஸ்ல வரணும். கண்டக்டர் பின்னாடி நடந்து வந்து விசில் ஊதணும். லாரி வந்தா அது ஒதுங்கற வரைக்கும் நிக்கணும். அஞ்சு நிமிஷத்துல எப்படி சார்?" என்றான்.

"பாக்கலாம்ப்பா."

"பாக்கலாம் இல்ல சார், வந்து பாருங்க. ஒரு நாள் வண்டியில ஏறி வாங்க."

"நான் எழுந்தா இந்த நாற்காலியில யாரு உக்காருவா?"

அது உண்மை. சார்ட் மேசைக்கு மட்டும் ஸ்பேர் கிடையாது. அப்படியே பதினோரு வருடம் ஓடிற்று. இருபத்தேழாம் வண்டி தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். மாதம் ஒரு முறை விளக்கம் கேட்டுக் குச்சிக்குக் கடிதம் போகும். அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வான். சண்டை போட்டதில்லை. மேசையைக் கடக்கும்போது மட்டும், "அஞ்சு நிமிஷம் சார், அஞ்சே நிமிஷம்" என்று விரல் விரித்துக் காட்டிவிட்டுப் போவான்.

ஓய்வுக்குப் பிறகாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சார்ட்டுக்கு ஓர் உறுத்தல். ஜூனில் கிளம்பினார், டீச்சர் வீட்டில் குழாய் உடைந்தது. ஆகஸ்டில் கரையான் மருந்து. செப்டம்பரில் ஒரு பார்சல், கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம். இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பருவம் தொடங்குவதற்கு முதல் நாள். வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்தார்.

புதன்கிழமை காலையில் திட்டம் கலையத் தொடங்கியது.

எட்டு மணிக்கு டீச்சர் ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். "சார், வெள்ளிக்கிழமை சிலிண்டர் வருது. எத்தன மணிக்குன்னு சொல்ல மாட்டேங்கறான். கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"சரிம்மா" என்றது வாய். 'வெள்ளிக்கிழமை' என்ற சொல் மூளைக்குப் போய்ச் சேருமுன் வாய் வேலையை முடித்துவிட்டது.

பத்து மணிக்கு மூன்றாம் மாடித் தம்பி போன் செய்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். எப்போது பேசினாலும் மீட்டிங்கில் இருப்பான். "அங்கிள், வெள்ளிக்கிழம ஒரு மானிட்டர் வருது. ஓடிபி உங்களுக்கு அனுப்பிடறேன். நான் மீட்டிங்ல இருப்பேன்."

"நீங்க வீட்லதானே இருப்பீங்க தம்பி?"

"வீட்லதான் அங்கிள். ஆனா மீட்டிங்ல."

"சரி" என்றார். போனை வைத்துவிட்டு, அந்தச் 'சரி'யைத் தன் வாயிலிருந்து பிடுங்கி எடுக்க முடிந்தால் தேவலை என்று தோன்றியது.

சாயங்காலம் மனைவி வந்தார். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி. செருப்பைக் கழற்றும்போதே, "என்னங்க, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வெள்ளிக்கிழமை வரானாம். அத விட்டா அடுத்த புதன்தான். நீங்க வீட்லதானே?" என்றார்.

சார்ட் வாயைத் திறந்தார். இந்த முறை எதுவும் வரவில்லை. அந்த அம்மாள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மேசையில் விரித்த சார்ட் தாள் அப்படியே கிடந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 'தடம் பார்த்தல்' என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில், பென்சிலால் எழுதினார்: சிலிண்டர், மானிட்டர், ஃப்ரிட்ஜ். கட்டம் நிரம்பிவிட்டது. அவர் ஏற இடமில்லை.

அன்றைக்கு அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றா இரண்டா? குச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான். பதினோரு வருடம் நினைக்காதவன் இப்போது நினைக்கவா போகிறான்? குவாரி எங்கும் ஓடிவிடாது, டிசம்பரில் போனாலும் அங்கேதான் இருக்கும். இப்படியே நினைத்து நினைத்து, வியாழக்கிழமை பகலில் போனைக் கையில் எடுத்தும்விட்டார்.

அப்போதுதான் படிக்கட்டில் பேச்சுக் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. பார்சல்காரன் கீழே நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். "சார், உங்களுக்கு ஒரு பாக்கெட் வந்திருக்கு. எறங்கி வந்து வாங்கிக்கறீங்களா?"

மூன்றாம் மாடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "கீழ் வீட்ல குடுத்துடுங்க. அங்கிள் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

சார்ட் கையிலிருந்த போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

அந்த வாக்கியம் அவருக்குப் புதிதல்ல. அவர் சொன்னதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே போல ஒரு பருவ மாற்றத்தில், இருபத்தேழாம் தடத்துக்குப் போக யாரும் சம்மதிக்கவில்லை. ஒருவன் முதுகுவலி என்றான், ஒருவன் யூனியனுக்குப் போவேன் என்றான். மேலாளர் கேட்டார், "யாரத்தான்யா போடப் போற?" சார்ட் பேனாவைத் திறந்து, கட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "குச்சியப் போட்டுடலாம் சார். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

ஒரு பருவத்துக்கு என்றுதான் போட்டார். அடுத்த பருவம் மாற்ற நினைத்தார். மாற்றினால் வேறு ஒருவன் சண்டைக்கு வருவான். சண்டை போடாதவன் இருக்கும்போது எதற்கு வம்பு? இருபத்திரண்டு சார்ட்டில், இருபத்திரண்டு முறை, அதே கட்டத்தில் அதே பெயர். சார்ட் போடுகிறவர்களுக்குள் இருக்கிற ரகசியமே இதுதான். யார் நன்றாக ஓட்டுகிறான் என்று பார்த்துத் தடம் கொடுப்பதில்லை. யார் வாய் திறக்க மாட்டான் என்று பார்த்துத்தான் கொடுப்பது.

பார்சல்காரன் பாக்கெட்டை நீட்டினான். சார்ட் அதை வாங்கவில்லை.

"மேல கொண்டு போய்க் குடுங்க."

"மூணு மாடி சார். லிஃப்ட் இல்ல."

"தெரியும். வாங்க, நானும் வரேன்."

உள்ளே போய்ப் பலகையை ஆணியோடு கழற்றினார். பதினொரு சாவியும் சலசலக்க, மாட்டு வண்டி போல ஓசை எழுப்பிக்கொண்டு படியேறினார். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொல்லிற்று. பார்சல்காரன் இரண்டு படி பின்னால், என்ன நடக்கிறது என்று புரியாமல் வந்தான்.

தம்பி காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்தான். "அங்கிள், மீட்டிங்..."

"ஒரு நிமிஷம்தான். நாளைக்குக் காலைல அஞ்சு மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நான் இல்ல. மோட்டார் ஆறு மணிக்குப் போடணும், இருபது நிமிஷம் ஓடணும். சிலிண்டர் டீச்சர் வீட்டுக்கு. மானிட்டர் உங்களுக்கு. நாளைக்கு நீங்க ஸ்பேர்."

"நான் என்ன?"

"வீட்ல இருக்கறவர்."

"அங்கிள், எனக்கு வேலை இருக்கு அங்கிள். நான் சும்மா இல்ல."

"நானும் சும்மா இல்ல தம்பி."

சொல்லிவிட்டார். பார்சல்காரன் தரையைப் பார்த்துக்கொண்டான். தம்பி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "எல்லாச் சாவியும் என்னால வெச்சுக்க முடியாது" என்றான். "மோட்டார் சாவி வேணா குடுங்க. நாளைக்கு மட்டும்."

"சிலிண்டர்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "பெல் அடிச்சா பாக்கறேன். மீட்டிங் இல்லேன்னா."

டிப்போவில் இந்த மாதிரிப் பதிலுக்கு அவர் பச்சை மையில் 'சம்மதம்' என்று எழுதியிருப்பார். இன்று அப்படி எழுத அவருக்குத் தைரியமில்லை. மோட்டார் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். மற்றச் சாவிகளைச் சாயங்காலம் வரை காத்திருந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன் சார், நாங்க எதாவது தப்பா பேசிட்டோமா?" என்றார். தப்பாக யாரும் பேசவில்லை. அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "வெளிய போறேன்ம்மா" என்று மட்டும் சொன்னார். டீச்சர் கதவைச் சாத்திய சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தது போல் பட்டது. பிரமையாகவும் இருக்கலாம்.

முதல் மாடித் தம்பதி மட்டும் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். அந்த ஒரு சாவி பலகையில் தனியாகத் தொங்கியது.

ஆறரை மணிக்கு மனைவி வந்தார். ஒற்றைச் சாவி தொங்கிய பலகையைப் பார்த்தார். காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து உட்கார்ந்த பிறகு, சார்ட் நடந்ததைச் சொன்னார். முதலிலிருந்து சொன்னார், மேலாளரிடம் தான் சொன்ன வாக்கியத்தையும் விடாமல்.

அந்த அம்மாள் காபியைக் குடித்து முடித்தார். "அப்ப ஃப்ரிட்ஜ்?"

"ரத்து."

"என்ன ரத்து?"

"ஸ்பேர் இல்லேன்னா அந்த நடை ரத்துன்னு எழுதணும். ரூல் இருக்கு. நான்தான் ஒரு தடவகூட எழுதினதில்ல. யாரையாவது பிடிச்சு ஏத்திடுவேன்."

"பால் கெட்டுப்போகுங்க."

"தெரியும்."

"ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் இல்லாம நான்தான் அல்லாடணும். நீங்க ஜம்முனு பஸ்ல போவீங்க." அவர் குரல் ஏறவில்லை. ஏறாததுதான் சார்ட்டுக்குப் பயமாக இருந்தது. "சரி, அந்த அஞ்சு நிமிஷத்த பாத்து என்ன பண்ணப் போறீங்க? சார்ட்ட திருத்தவா விடுவாங்க?"

"விட மாட்டாங்க."

"அவனுக்கும் நாளையோட முடிஞ்சுபோச்சு. பதினோரு வருஷம் கழிச்சுப் போய் நின்னா சரியாயிடுமா?"

"ஆகாது."

"பின்ன?"

சார்ட் டம்ளரின் விளிம்பைத் துடைத்தார். "நான் எழுதினது எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அந்த அம்மாள் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். இருந்த பாலையெல்லாம் ஒரு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். முதுகைக் காட்டியபடியே, "ரெண்டு வருஷத்துல நானும் வீட்ல வந்து உக்காருவேன். அப்ப யாரு ஸ்பேர்னு இப்பவே எழுதி வெச்சுக்கோங்க" என்றார்.

அது கோபமா கேலியா என்று முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கே பிடிபடவில்லை. கேட்டுத் தெளியவும் துணிவில்லை.

பிறகு சார்ட் அந்தத் தாளை மறுபடி விரித்தார். ஸ்பேர் வரிசையில் ஏழு கட்டத்திலும் அவர் பெயர். வெள்ளியைத் தவிர மற்ற ஆறையும் அடிக்கக் கை வரவில்லை. சனி முதல் வியாழன் வரை என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் திங்கட்கிழமை மறுபடி கதவைத் தட்டலாம். தட்டினால் வாய் மறுபடி 'சரிம்மா' என்று முந்திக்கொள்ளலாம். அந்த வாயை அவரால் நம்ப முடியவில்லை. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்தார். பதினோரு ஆணிப் பலகையிலிருந்து அந்தக் கடைசிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் போட்டார். அதுவும் கூட வரட்டும்.

அக்டோபர் 30, வியாழன். நாளை எழ வேண்டியது 4.45. தடம் 27, முதல் நடை, 5.40, டிரைவருக்குப் பின் இருக்கை. குவாரியில் இறங்கி, வண்டி பின்னால் வரத் தொடங்குவதிலிருந்து திரும்பி முடியும்வரை கைக்கடிகாரத்தில் பார்த்து, நிமிடத்தை எழுத வேண்டும். எழுதியதைக் குச்சியிடம் காட்டி, அவன் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்பேர்: இல்லை.